வெயிலில் ஓடிய கசற்

படலை திறபடும் சத்தம் கேட்டபோது என் தலைமயிர் இன்னும் காயவில்லை.

நல்ல மாசி வெயில். நண்பகலாகியிருக்கும். நயினாதீவில் எங்கள் வீட்டு விறாந்தையில், வெறும் சீமெந்து நிலத்தில், உழவு இயந்திரத்துப் பற்றறி ஒன்று இருந்தது. அதிலிருந்து இரண்டு வயர்கள் யன்னலால் புறப்பட்டுக் குசினிக் கூரைக்கு ஏறின. வேறு இரண்டு வயர்கள் பக்கத்துக் கதிரையில் இருந்த கசற் ரேடியோவுக்குப் போயின. கசற்றை உள்ளே போட்டு மூடியாயிற்று. பொத்தானை அமத்த வேண்டியது மட்டும்தான் மிச்சம்.

அதற்காக நான் ஒன்றரை வருஷத்துக்கு மேல் காத்திருந்தேன். காலையில் முழுகி, நல்ல சீலை ஒன்றை எடுத்து உடுத்து, சுவாமிப் படத்துக்குப் பூ வைத்துவிட்டு வந்து அந்தக் கதிரைக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் என்னைத் தவிர வேறு ஒருவரும் இல்லை. யாருக்காக அந்தச் சீலை என்று கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கசற்றில் கதைக்கப்போகிற மனிதருக்காகத்தான்.

படலையடியில் இரண்டு பேர் நின்றார்கள். கடற்படை முகாமிலிருந்து வந்தவர்கள். இளையவர் துவக்கோடு வாசலிலேயே நின்றுகொண்டார். மூத்தவருக்கு மீசை நரைத்திருந்தது. அவர் முற்றத்தின் நடுவில் வந்து நின்று, நெற்றியில் கையை வைத்துக் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"அது என்ன?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டார்.

சண்டைத் தடையால், ரோச் லைற்றுக்குப் போடுகிற ஒரு சின்னப் பற்றறிகூடத் தீவுக்குள் கொண்டுவர வழியில்லாத காலம் அது. என் விறாந்தையிலோ இரண்டு கையாலும் தூக்க முடியாத பற்றறி. கூரையில் கண்ணைக் கூசவைக்கும் தட்டு. அங்கிருந்து இங்கே வயர்கள். பார்க்கிறவர் என்ன நினைப்பார் என்று நான் அதுவரை யோசித்துப் பார்த்ததே இல்லை. அவ்வளவு நாளும் என் யோசனை முழுக்க அந்தப் பொத்தானில் இருந்தது.

எழுந்து நின்றேன்.

கடைக்கு மேலே

அந்த மனிதரை முற்றத்தில் நிற்கவைத்துவிட்டு நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

என் பெயர் ஈஸ்வரி. பிறந்தது புங்குடுதீவு இறுப்பிட்டியில். கலியாணம் முடித்தது நயினாதீவுக்கு. ஆனால் முதல் நாலு வருஷமும் நாங்கள் தீவில் இருக்கவில்லை. தெற்கே ஒரு பட்டினத்தில் மாமாவின், அதாவது என் மாமனாரின், சுருட்டுக்கடை இருந்தது. அதற்கு மேலே இரண்டு அறை. கீழே கடையில் என் கணவர், மேலே நான். பக்கத்து வீட்டு மனிசியோடு கதைத்துக் கதைத்துச் சிங்களம் பழகிக்கொண்டேன். அவவுக்கு நான் தோசை சுடப் பழக்கினேன்.

எண்பத்து மூன்று கலவரத்தில் கடை எரிந்தது. அதைப் பற்றி இந்தப் பத்தியில் வேறொரு கிழமை எழுதியிருக்கிறேன். திரும்ப எழுதக் கை வரவில்லை. உடுத்த உடுப்போடு தீவுக்கு வந்தோம். மாமா அடுத்த வருஷமே செத்துப்போனார். எனக்குப் பள்ளிக்கூடத்தில் தமிழும் சமயமும் படிப்பிக்கும் வேலை கிடைத்தது. அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கடை நடத்தத் தெரிந்த மனிதர், கடை இல்லாமல் விறாந்தையில் இருந்தார்.

இரண்டு வருஷம் அப்படி இருந்துவிட்டு வெளிநாடு போனார். குலசிங்கம் என்பது அவர் பெயர். ஊரில் எல்லோருக்கும் குலம். பிள்ளை குட்டி எங்களுக்கு இல்லை. மாமியும் நானும் மட்டும் வீட்டில்.

எண்ணெய் மணம்

அவருக்குக் கடிதம் எழுத வராது. "நான் சுகம், நீர் சுகமோ" என்பதற்கு மேல் பேனா நகராது. கதைக்க விட்டாலோ நிறுத்த ஏலாது. அதனால் கசற்றில் கதைத்து அனுப்புவார். ஊருக்கு வருகிற யாராவது கொண்டுவந்து தருவார்கள். எனக்கென்று ஒரு கசற் ரேடியோவும் அனுப்பியிருந்தார். நாலு பெரிய ரோச் பற்றறி போட வேண்டும்.

முதல் கசற் வந்தபோது மாமி ஊரையே கூப்பிட்டுவிட்டா. விறாந்தையில் பாய் விரித்துப் பதினைந்து இருபது பேர். கசற்றில் அவர் எல்லோரையும் பெயர் சொல்லிச் சுகம் விசாரித்தார். பனி கொட்டுவதைச் சொன்னார். தான் சமைத்த குழம்பைப் பற்றிச் சொன்னார். பிறகு சத்தம் நின்றது. முடிந்துவிட்டது என்று நினைத்து எல்லோரும் கதைக்கத் தொடங்கினோம். யாரும் நிறுத்தவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் குரல் மெல்ல வந்தது.

"எல்லாரும் எழும்பிப் போட்டினமோ? ஈசு, உம்மடை தலை எண்ணெய் மணம் இல்லாமல் எனக்கு இஞ்சை நித்திரை வருகுதில்லை."

இருபது பேரும் கேட்டார்கள். பிறகு விறாந்தை அதிரச் சிரித்தார்கள். மாமியும் சிரித்தா. நான் குசினிக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அதோடு விட்டார்களா? சந்தியில் கடை வைத்திருந்த இராசதுரை அண்ணை, நான் சாமான் வாங்கப் போனால், "ரீச்சர் என்ன எண்ணெய் பாவிக்கிறனீங்கள்? வெளிநாட்டிலை நல்ல கிராக்கியாம்" என்பார். கடையடியில் இருக்கிற நாலைந்து பேரும் சிரிப்பார்கள். பகிடிதான். கெட்ட எண்ணம் ஒருவருக்கும் இல்லை. ஆனால் அந்தக் குரல் எனக்கு மட்டுமென்று வந்தது. அதை ஊரே எடுத்துக்கொண்டது.

அன்றைக்குப் பிறகு அவருடைய கசற்றை நான் வெளியார் எவருக்கும் முன்னால் போடவில்லை. மாமி கேட்க வேண்டியதைக் கேட்கவைத்துவிட்டு மிச்சத்தைத் தனியாகக் கேட்பேன். கதவைச் சாத்தி, ரேடியோவை மடியில் வைத்து, காதைக் கிட்டக் கொண்டுபோய்.

அவற்றில் இரண்டு தரம் என்னை வரச்சொல்லிக் கேட்டார். நான் மாட்டேன் என்று எழுதினேன். மாமியை யார் பார்ப்பது என்று எழுதினேன். பள்ளிக்கூடத்தை எப்படி விடுவது என்று எழுதினேன். இரண்டும் உண்மை. எனக்குப் பயமாக இருந்தது என்பதும் உண்மை, அதை எழுதவில்லை.

வெயில் தட்டு

மாமி செத்த வருஷம், அந்தியேட்டிக் கிரியை முடிந்து சில மாதத்தில், வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் கட்டிலில் விரிக்கிற துணியில் சுற்றிய பலகைபோல ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். பிரித்தால் கண்ணாடி. உள்ளே நீலமும் கறுப்புமாக வட்டம் வட்டமாகச் சில்லுகள். பின்பக்கம் இரண்டு வயர்.

கூட வந்த கசற்றில் விளக்கம் இருந்தது. "இந்தத் தட்டை வெயிலிலை வைச்சால் கரண்ட் வரும், ஈசு. ஒரு கார் பற்றறி வாங்கிக் கொழுவினால் லைற் எரிக்கலாம். நீர் தனிய இருட்டுக்கை இருக்கிறீர் எண்டு எனக்கு மனசு கேக்கேல்லை."

எங்கள் ஒழுங்கைக்கு மின்கம்பம் வந்திருக்கவில்லை. எனக்கு அரிக்கன் லாம்பு போதும். கார் பற்றறிக்கு நான் எங்கே போவது? பழையபடி துணியில் சுற்றி அலுமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

அதற்கு அடுத்த ஆனியில்தான் கடைசிக் கசற் வந்தது. அம்மன் திருவிழாவுக்கென்று முன்கூட்டியே வந்த ஒருவர் கொண்டுவந்தார். அது ஒரு வியாழக்கிழமை. ரேடியோவில் இருந்த பற்றறிகள் தேய்ந்திருந்தன. அவர் குரல் இழுத்துக்கொண்டு வருவது எனக்குப் பிடிக்காது. புதுப் பற்றறி வாங்கி, ஞாயிறு ஆறுதலாக இருந்து கேட்போம் என்று அலுமாரியில் வைத்தேன். பண்டிகைக்கு எடுத்த சீலையை உடுக்காமல் வைத்திருப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறதல்லவா, அப்படி.

ஞாயிறு வருவதற்குள் சண்டை திரும்பத் தொடங்கிவிட்டது. செய்தி கேட்பதற்காக ஊர் முழுக்கப் பற்றறி வாங்கியது. நான் கடைக்குப் போனபோது பெட்டி வெறுமையாக இருந்தது. "நாளைக்கு வரும் ரீச்சர்" என்றார் இராசதுரை அண்ணை. வரவில்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை.

உப்புத் தண்ணீர்

பழைய பற்றறிகளை வெயிலில் காயவைத்தேன். அடியில் ஆணியால் துளைத்து உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் கொஞ்சம் உயிர் வரும் என்றார்கள். அதையும் செய்தேன். நாலையும் துடைத்துப் போட்டுப் பொத்தானை அமத்தினேன்.

"ஈசு, நான் சொல்லப்போறதை வடிவாக் கேளும். இதிலை ஒரு…"

குரல் இழுபட்டது. தடித்தது. யாரோ கிணற்றுக்குள் இருந்து கதைப்பதுபோல ஆகி நின்றுவிட்டது.

இதிலே ஒரு என்ன? ஒரு செய்தியா? ஒரு பகிடியா? பள்ளிக்கூடத்தில் தேவாரம் சொல்லிக்கொடுக்கும்போதும் அந்த "இதிலை ஒரு" என் காதில் நின்றது. முழுதையும் கேட்டுவிட்டு எழுதலாம் என்று நானும் அவருக்கு ஒரு வரியும் எழுதாமல் இருந்தேன்.

இராசதுரை அண்ணை தன் உழவு இயந்திரத்துப் பற்றறியைக் கழற்றிக் கடையில் வைத்து ரேடியோ போடுவதாகக் கேள்விப்பட்டேன். ஒருநாள் பின்னேரம் கசற்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். கடை வாங்கிலில் நாலு பேர் செய்திக்குக் காத்திருந்தார்கள். நான் இழுத்திழுத்துக் கேட்டேன்: "அண்ணை, உங்கடை பற்றறியிலை கசற்றும் ஓடுமோ?"

"குலத்தின்ரை கசற்றோ? கொண்டாங்கோ ரீச்சர், போடுவம். அவன்ரை குரல் கேட்டு எங்களுக்கும் கனகாலம்."

வாங்கிலில் இருந்தவர்கள் சிரித்தபடி எனக்கு இடம் விட்டார்கள். எனக்கு எண்ணெய் ஞாபகம் வந்தது.

"வீட்டை விட்டிட்டு வந்திட்டன்" என்றேன். பை என் கையில்தான் இருந்தது.

தனியாகக் கேட்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் பற்றறியை வீட்டுக்கே தூக்கிவந்து தந்திருப்பார். அந்த ஒரு வார்த்தை வரவில்லை. இன்றுவரை நான் என்னை மன்னிக்காத இடம் அந்தக் கடை வாசல்தான்.

செத்த பற்றறி

அடுத்த வருஷம் நடுப்பகுதியில், கொழும்பில் மகளிடம் போவதற்கு இராசதுரை அண்ணைக்கு அனுமதி கிடைத்தது. போவதற்கு முதல்நாள் ஒரு தள்ளுவண்டியில் அந்தப் பற்றறியை வைத்துத் தள்ளிக்கொண்டு எங்கள் வளவுக்கு வந்தார்.

"இது செத்துப்போச்சு ரீச்சர். டீசல் இல்லை, இயந்திரம் ஓட்டேல்லை, சார்ஜ் இல்லை. உங்களிட்டை ஒரு வெயில் தட்டு இருக்கெண்டு ஆரோ சொன்னவை. முயற்சி செய்து பாருங்கோ."

பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அண்டைக்குக் கசற் உங்கடை பையுக்கைதான் கிடந்தது. நான் கண்டனான்."

"ஓம் அண்ணை."

"அந்த எண்ணெய்க் கதையைத் துவக்கினதும் நான்தான். விசர்க்கதை. மனசிலை வைச்சிருக்காதேங்கோ."

அன்று அவர் விறாந்தையில் இருந்து எனக்குச் சொல்லித் தந்தது அரை மணித்தியாலம். பழைய அசிற்றை ஊற்றிவிட வேண்டும். மழைத்தண்ணீரால் அலச வேண்டும். எங்கள் தீவுக் கிணற்றுத் தண்ணீர் உவர், அது ஆகாது. புது அசிற் கலந்து விட வேண்டும். "பற்றறி பன்னிரண்டு வோல்ற். உங்கடை ரேடியோவுக்கு ஆறுதான். முழுசாக் கொழுவினால் எரிஞ்சுபோம். இஞ்சை பாருங்கோ, ஆறு அறை. மூண்டாவது அறை முடியிற இடத்திலை, தாருக்கு மேலை ஈயக்கட்டி தெரியுது. அதிலை வயரைத் தொட்டால் ஆறு."

அடுத்தநாள் வள்ளத்தில் போய்விட்டார். திரும்பி வரவில்லை.

மழைக்காக ஐப்பசிவரை காத்திருந்தேன். முதல் இரண்டு மழையைக் கூரை கழுவவிட்டு, மூன்றாவது மழையைப் பீங்கான் கோப்பைகளில் பிடித்துப் போத்தல்களில் நிரப்பினேன். அசிற்றுக்குப் பள்ளிக்கூட அதிபரிடம் போனேன். விஞ்ஞான ஆசிரியர் இடம்பெயர்ந்து போனதிலிருந்து ஆய்வுகூட அலுமாரி பூட்டிக் கிடந்தது.

"சமயப் பாடத்துக்குக் கந்தக அமிலமோ?" என்றார் அதிபர்.

காரணத்தைச் சொன்னேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் அரைப் போத்தலை எடுத்துத் தந்தார். "தண்ணிக்குள்ளைதான் அமிலத்தை விடவேணும். மறந்தும் மாறிச் செய்து போடாதேயும். சீறும்."

பழைய மண்சட்டியில் தண்ணீரை வைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டேன். சட்டி சுட்டது. ஒரு துளிகூடச் சிந்தவில்லை என்று பெருமைப்பட்டேன். இரண்டு நாள் கழித்துச் சீலையைத் தோய்த்தபோது முன்பக்கம் முழுக்க ஓட்டை ஓட்டையாகக் கழன்று வந்தது.

தட்டின் இரண்டு வயரில் எது நேர்முனை, எது மறைமுனை என்று தெரியவில்லை. ஒன்பதாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்தில் வழி இருந்தது. வெயிலில் வைத்துக்கொண்டு இரண்டு முனையையும் உப்புத் தண்ணீரில் விட்டால் எதில் குமிழி கூடுதலாக வருகிறதோ அது மறை. கோப்பைக்கு மேல் குனிந்து குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த தமிழ் ரீச்சர், குசினி முற்றத்தில், தனியாக. சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு, சேர்ந்து சிரிக்க ஒருவரும் இல்லையே என்று திரும்பிப் பார்த்தேன்.

ஏணி வைத்து ஏறித் தட்டைக் கூரையில் தெற்குப் பார்க்கக் கட்டினேன். வயர் பொருத்துகளைச் சைக்கிள் ரியூப்பில் கிழித்த கீலத்தால் சுற்றினேன். காகம் எச்சமிட்டால் ஏறித் துடைப்பேன். மார்கழி முழுக்க முகில். பற்றறியில் சைக்கிள் லைற் பல்ப் ஒன்றைத் தொட்டுப் பார்ப்பேன். பின்னேரம் சிவப்பாக எரியும், காலையில் எரியாது. பகல் முழுக்க ஏறியது எங்கே போகிறது? பத்துப் பன்னிரண்டு நாள் மண்டையை உடைத்த பிறகுதான் விளங்கியது. இருட்டினால் தட்டு சும்மா இருப்பதில்லை; கொடுத்ததைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. அன்றிலிருந்து பொழுது சாய ஒரு வயரைக் கழற்றிவிடுவேன். காலையில் வெயில் ஏறக் கொழுவுவேன்.

மாசி பிறந்தது. பல்ப் வெள்ளையாக எரிந்தது. அடுத்தநாளும் எரிந்தது. மூன்றாம் நாள் முழுகிச் சீலை மாற்றினேன்.

முற்றத்தில்

அந்த நாளில்தான் நரைத்த மீசைக்காரர் என் முற்றத்தில் நின்று கூரையைப் பார்த்தார்.

நான் சிங்களத்தில் பதில் சொன்னேன். வெயிலில் மின்சாரம் தரும் தட்டு என்றேன். கணவர் அனுப்பியது என்றேன். அவர் ஆச்சரியப்பட்டு என்னைப் பார்த்தார்.

"சிங்களம் எங்கே பழகினீர்கள்?"

பட்டினத்தின் பெயரைச் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். சப்பாத்தோடு விறாந்தையில் ஏறாமல் படியில் நின்று எட்டிப் பார்த்தார். பற்றறியைப் பார்த்தார். வயர்களைக் கண்ணால் பின்தொடர்ந்து ரேடியோவில் வந்து நின்றார்.

"இதில் யாரோடு பேசுகிறீர்கள்?"

"பேச முடியாது. கேட்க மட்டும்தான். கசற்."

"போட்டுக் காட்டுங்கள்."

நான் அசையவில்லை. அவர் அதட்டவில்லை. இன்னொரு தரம் அதே குரலில் சொன்னார். படலையடியில் நின்ற இளையவர் இரண்டடி உள்ளே வந்தார்.

பொத்தானை அமத்தினேன்.

"ஈசு, நான் சொல்லப்போறதை வடிவாக் கேளும். இதிலை ஒரு முக்கியமான அலுவல் இருக்கு."

குரல் இழுபடவில்லை. அவர் எனக்குப் பக்கத்தில் இருந்து கதைப்பதுபோலத் தெளிவாக இருந்தது. தொண்டையைச் செருமுவதுகூடக் கேட்டது.

"நீர் இஞ்சை வாறதுக்கு வழி சரிவந்திருக்கு. கொழும்பிலை ஒருத்தர் எல்லாம் செய்து தருவார். அவற்றை விலாசத்தைக் கடைசியிலை ரெண்டு தரம் சொல்லுறன், எழுதி எடும். வாற தைப்பொங்கலுக்கு முன்னம் நீர் அவரிட்டைப் போய்ச் சேர வேணும். அதுக்குப் பிறகு ஏலாது."

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டார் மீசைக்காரர்.

"சுகமாக இருக்கிறேனா என்று கேட்கிறார்."

"ரெண்டு தரம் கேட்டிட்டன், ஈசு. அம்மா எண்டீர். அம்மாவும் கண்ணை மூடீட்டா. இனிச் சொல்ல ஒரு காரணமும் இல்லை. பொங்கலுக்குள்ளை நீரும் வரேல்லை, மறுமொழியும் வரேல்லை எண்டால், உமக்கு என்னோடை வர விருப்பமில்லை எண்டு எடுத்துக்கொள்ளுவன். கோவிக்கமாட்டன். பேந்து எழுதியும் கரைச்சல் தரமாட்டன்."

"இப்போது?"

"பொங்கலுக்கு என்ன செய்தேன் என்று கேட்கிறார்."

"பொங்கலா? அது போன மாதம் முடிந்துவிட்டதே."

"பழைய கசற்" என்றேன்.

அந்தப் பொங்கல் போன மாதமல்ல, அதற்கு முந்திய தையில் முடிந்துபோயிருந்தது. என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. சுவரில் கையை ஊன்றிக்கொண்டேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு, நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"நல்ல மனிதர் போலிருக்கிறது" என்றார். "பகலில் மட்டும் பாவியுங்கள். இரவில் வெளிச்சம் தெரியக்கூடாது. நாளைக்கு முகாமுக்கு வந்து பெயரைப் பதிந்துவிடுங்கள்."

படலையை அவரே சாத்திவிட்டுப் போனார்.

அவர்கள் போன பிறகு மிச்சத்தைக் கேட்டேன். விலாசம் வந்தது. ஒரு கொப்பியை எடுத்து அவர் சொன்னபடி இரண்டு தரமும் எழுதினேன். ஒரு வருஷத்துக்கு முன் காலாவதியான விலாசம் அது. எழுதி எடும் என்று சொல்லியிருந்தார், எழுதினேன்.

கடிதம் வராததற்கு அவ்வளவு நாளும் சண்டையைக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்காவுக்குக் கனடாவிலிருந்து மகனின் கடிதம் மூன்று வந்துவிட்டது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதைப் பற்றி நான் யோசிக்காமலே இருந்திருக்கிறேன்.

மறுமொழி

அன்றே எழுதினேன். பற்றறி கிடைக்காததை எழுதினேன். கசற்றை இன்றுதான் கேட்டேன் என்று எழுதினேன். பயமாக இருந்தது என்று, முன்பு எழுதாமல் விட்டதையும் எழுதினேன். கொழும்புக்குப் போன ஒருவரிடம் கொடுத்துவிட்டேன்.

எட்டு மாதம் கழித்து மறுமொழி வந்தது. கசற் இல்லை. கடிதம். கடிதம் எழுத வராதவர் மூன்று பக்கம் எழுதியிருந்தார். பல இடங்களில் வெட்டி வெட்டி.

சித்திரைவரை பார்த்திருந்தாராம். பிறகு அங்கே ஒரு பெண்ணோடு குடும்பமாகிவிட்டாராம். மகள் பிறந்து மூன்று மாதமாம்.

ஒரு வரி மட்டும் எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. "நீர் அதைக் கேக்காமல் இருந்திருப்பீர் எண்டு எனக்கு ஒருநாளும் தோன்றேல்லை, கேட்டிட்டுத்தான் பேசாமல் இருக்கிறீர் எண்டு நினைச்சன்."

நான் அழுதேனா என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். அன்று அழவில்லை. வாழைக்குத் தண்ணீர் இறைத்தேன். வழக்கமான அளவைவிடக் கூடவே இறைத்துவிட்டேன். வரம்பு உடைந்து ஓடியது.

பதில் எழுதினேன். குற்றம் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை.

ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. பொட்டும் தாலியும் அப்படியே இருந்தன.

கிணற்றடி

என்னிடம் கசற் ஓடும் என்ற செய்தி தீவில் பரவியது. கடிதங்களோடு கசற்றுகளும் மெல்ல மெல்ல வரத் தொடங்கியிருந்தன. பெண்கள்தான் வருவார்கள். சீலைத் தலைப்பில் முடிந்து, வெற்றிலைப் பெட்டியில் வைத்து, ஒருத்தி சருவச்சட்டிக்குள் போட்டு மூடிக்கூடக் கொண்டுவந்தாள்.

நான் வயரைக் கொழுவிக் கசற்றைப் போடுவேன். "இது ஓடவைக்க, இது நிப்பாட்ட" என்று காட்டுவேன். பிறகு கதவைச் சாத்திவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விடுவேன். கேட்டு முடிந்து அவர்கள் வெளியே வரும்வரை திரும்பமாட்டேன். முகத்தைப் பார்த்து ஒன்றும் விசாரிக்கமாட்டேன். சிலர் சிரித்துக்கொண்டு வருவார்கள். சிலர் கும்பிட்டுவிட்டுக் கதைக்காமல் போவார்கள். எத்தனையோ குரல்கள் என் விறாந்தையில் ஒலித்திருக்கின்றன. அவற்றில் ஒன்றையும் நான் கேட்டதில்லை.

ஒருநாள் பாக்கியம் அக்கா வந்தா. மகனிடமிருந்து முதல் கசற். வழக்கம்போலக் காட்டிக்கொடுத்துவிட்டு எழுந்தேன். அவ என் கையைப் பிடித்துக்கொண்டா.

"போகாதையும் பிள்ளை. எனக்குத் தனியக் கேக்கப் பயமாக் கிடக்கு. இதிலை இரும்."

"உங்கடை மகன்ரை கதை அக்கா. நீங்கள் கேளுங்கோ."

"நீர் இரும்."

இருந்தேன். இரண்டு பேரும் நிலத்தில், ரேடியோவுக்கு முன்னால். யன்னலால் வந்த வெயில் எங்கள் காலடிவரை நீண்டிருந்தது. அக்கா என் கையை விடவில்லை.

மகன் நன்றாக இருந்தான். வேலை கிடைத்திருந்தது. குளிருக்குச் சப்பாத்து வாங்கியிருந்தான். அம்மா காலுக்கு எண்ணெய் பூசுகிறாவோ என்று கேட்டான். அக்கா ரேடியோவைப் பார்த்து, "பூசிறன் ராசா" என்று பதில் சொன்னா. பயப்பட ஒன்றும் இருக்கவில்லை. முடிக்கும்போது, எல்லோரும் செய்வதுபோல, தான் சுகம் கேட்டதாகச் சொல்லும்படி ஒரு பட்டியல் சொன்னான். பெரியப்பா, மாமி வீட்டார், கோயிலடி அண்ணை, கூடப் படித்த இரண்டு பேர்.

"பக்கத்து வீட்டு ஈஸ்வரி ரீச்சரையும் கேட்டதெண்டு சொல்லுங்கோ. அவ தனிய இருக்கிறா. நல்லது கெட்டது சமைச்சால் அவவுக்கும் குடுங்கோ அம்மா."

பிறகு வெறும் இரைச்சல். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பப் பார்த்தா.

"அக்கா" என்றேன். "கடைசியிலை சொன்னதை இன்னொருக்காப் போட்டுக் கேக்கட்டோ?"

அக்கா என் முகத்தைப் பார்த்தா. திரும்பவும் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தா.

"போடும் பிள்ளை" என்றா. "போடும், கேப்பம்."